கடைசி நான்கு பக்கங்கள்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் சிற்றூரில் 19 ஆண்டுகளாக நடந்துவரும் இலக்கியச் சுவைஞர் மன்றம் ஒன்றின் செயலாளராக இருக்கிறேன். (என் பெயரையும் ஊர்ப் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.) ஏறக்குறைய 200 உறுப்பினர்கள் இருக்கிறோம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை 48 பக்கங்களில் ஓர் இதழ் வெளியிடுகிறோம். ரசிகமணி டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்) அவர்கள் நடத்திய வட்டத்தொட்டி இதழைப் போல எங்கள் இதழும் காலத்தில் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

சென்ற பொதுக்குழுவில், இதழ் உறுப்பினர்களுக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று படிவம் கொடுத்துக் கேட்டோம். திரும்பி வந்த படிவங்களில் நான்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ‘அருமை’, ‘மிகச் சிறப்பு’, ‘பணி தொடரட்டும்’ என்றே இருந்தது. அந்த நான்கில் மூன்று பேர் அச்சுப்பிழைகளைக் குறித்திருந்தார்கள். ஒருவர் மட்டும், ‘கடைசிப் பக்கங்களை மட்டும் படிக்கிறேன்’ என்று எழுதியிருந்தார்.

கடைசி நான்கு பக்கங்களில் உறுப்பினர் கடிதங்கள், மறுப்புகள், திருத்தங்கள் ஆகியவற்றை வெளியிட்டு வருகிறோம். அவை இதழின் தரத்தைக் குறைக்கின்றன என்றும், அந்த இடத்தில் ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டால் கல்லூரி ஆசிரியர்கள் பலர் உறுப்பினராவார்கள் என்றும் எங்கள் செயற்குழுவில் உள்ள பேராசிரியர் ஒருவர் கருதுகிறார். அச்சுக்கூலியும் அஞ்சல் செலவும் ஏறிவிட்டதால் இதழை இனிமேல் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம் என்று பொருளாளர் சொல்கிறார். உறுப்பினர்களின் மகிழ்ச்சியை இன்னும் கூட்ட நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அடுத்த ஆண்டு தங்களுக்கு ஒரு சிறப்பிதழ் கொண்டுவரவும் எண்ணியுள்ளோம். தாங்கள் இசைவு தர வேண்டும்.

பணிவுடன்,
செயலாளர்

---

அன்புள்ள நண்பருக்கு,

இத்தகைய கடிதங்களுக்கு நான் வழக்கமாக இரண்டு வரி வாழ்த்து எழுதி அனுப்பிவிடுவேன். உங்கள் கடிதம் வந்த நேரம் வேறு மாதிரி அமைந்துவிட்டது. அதற்குப் பத்து நாள் முன்னர்தான், காலமாகிவிட்ட ஒரு முதிய நண்பரின் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. அவருடைய மகள் என்னை மாடியறைக்கு அழைத்துச் சென்று, அப்பாவின் புத்தகங்களில் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் மாமா என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார். ஒரு தகரப் பெட்டியைத் திறந்தேன். அதற்குள் 11 ஆண்டுகளின் இதழ்கள், அவர் ஆயுள் உறுப்பினராக இருந்த ஒரு மன்றத்தின் இதழ்கள், அஞ்சலில் வந்த அதே பழுப்புத்தாள் உறையோடு, அஞ்சல்முத்திரை கூடக் கலையாமல், சுருள் சுருளாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றைக்கூட அவர் பிரித்ததில்லை.

அவரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த மன்றத்தின் ஆண்டுவிழா எங்கே நடந்தாலும் விடியற்காலையில் முதல் ஆளாகப் போய் நாற்காலிகளை வரிசைப்படுத்துபவர் அவர். நன்கொடை கேட்டு யார் வந்தாலும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. கூட்டத்தில் இதழைப் பற்றிப் பேச்சு எழுந்தால், ‘அமுதம்’ என்ற ஒரே சொல்லைக் கண்கலங்கச் சொல்வார். அந்தச் சுருள்களில் ஒன்றில் என் கட்டுரையும் இருந்தது. அது வெளியான வாரம் அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, அப்படி ஒரு கட்டுரையைத் தாம் படித்ததே இல்லை என்று சொன்னது நினைவுக்கு வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சுருளாகப் பிரித்தேன். அத்தனை ஆண்டுகள் சுருண்டே கிடந்த தாள்கள் விரித்தால் நிற்காமல் மறுபடி மறுபடி சுருண்டுகொண்டன. அன்று முதல், ஒரு மன்றத்தின் இதழை அதன் உறுப்பினர் சுவைக்கிறார் என்பதற்கு என்ன பொருள் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அதற்குள் உங்கள் படிவக் கணக்கு வந்து சேர்ந்தது.

முதலில் சில்லறை விஷயங்களைத் தீர்த்துவிடுகிறேன். அச்சா, பிடிஎஃபா என்பது உங்கள் பொருளாளரின் கவலை, என்னுடையதன்று. சலுகைக் கட்டணப் பதிவுப் புத்தக அஞ்சலை அஞ்சல் துறை 2024 இறுதியில் நிறுத்திவிட்ட பிறகு சிற்றிதழ் நடத்துபவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். பணம் இருந்தால் அச்சிடுங்கள். இல்லாவிட்டால் அனுப்புகிற வழியில் அனுப்புங்கள். பிரிக்கப்படாத சுருளுக்கும் திறக்கப்படாத கோப்புக்கும் வேறுபாடு இல்லை. சுருளுக்குப் பெட்டி வேண்டும் என்பது மட்டுமே மிச்சம்.

சிறப்பிதழுக்கு இசைவு தர மாட்டேன். ஆங்கில எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங்கின் பெயரில் 1927-இல் இங்கிலாந்தில் ஒரு சங்கம் தொடங்கி அவ்வாண்டே இதழும் வெளியிட்டபோது அவர் உயிரோடுதான் இருந்தார். அவருடைய பள்ளித்தோழரே முதல் தலைவர். அப்படியிருந்தும் அந்த ஏற்பாடு கிப்ளிங்குக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. அவ்வளவு பெரிய மனிதருக்கே கூச்சம் இருந்தது. எனக்குச் சிறப்பிதழ் போடுவதற்குச் செலவாகும் தாளில் உங்கள் உறுப்பினர்களின் கடிதங்களை அச்சிடுங்கள். நான் விரும்பிப் படிப்பேன்.

இனி, வட்டத்தொட்டி. நீங்கள் ஓர் இலக்கியச் சுவைஞர் மன்றத்தின் செயலாளர். 19 ஆண்டுகளாக இதழ் நடத்துபவர். வட்டத்தொட்டி என்று ஓர் இதழ் இருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, உங்கள் செயற்குழுவில் ஒருவர்கூட இதைத் தடுக்கவில்லையா? வட்டத்தொட்டிக்கு இதழ் கிடையாது. அது திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் டி.கே.சி.யின் வீட்டில் நண்பர்கள் கூடிப் பேசிய இடத்தின் பெயர். பிறகு அந்தக் கூட்டத்துக்கே பெயராகிவிட்டது. உறுப்பினர் பதிவேடு, சந்தா, பொருளாளர் என்று எதுவும் அங்கே இல்லை. ஒரு கம்பன் பாட்டை எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில் குரலை நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லில் உணர்ச்சி திரும்புகிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்டுவார். கூடியிருப்பவர்கள் குறுக்கிடுவார்கள், கேட்பார்கள், வியப்பார்கள். 1954-இல் அவர் மறைந்த பிறகு நமக்குக் கிடைப்பவை அவர் எழுதியவற்றோடு அவர் நண்பர்களுக்கு வரைந்த கடிதங்களும், அங்கே அமர்ந்திருந்தவர்கள் பின்னாளில் எழுதிய நினைவுகளும்தான். கடிதங்கள் என்பதைக் கவனியுங்கள். சுவை என்பது ஒருவர் சொல்ல மற்றவர் பதில் சொல்லும்போது மட்டுமே உயிரோடு இருக்கும் பொருள். இதழ் நடத்துபவன் அந்தத் தொட்டியைத் தாளில் கட்ட வேண்டும். உங்கள் 48 பக்கங்களில் 44 பக்கங்கள் மேடை. ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கும் இடம். கடைசி நான்கு பக்கங்கள்தான் தொட்டி. அதைத்தான் நீங்கள் இடிக்கப் பார்க்கிறீர்கள்.

‘கடைசிப் பக்கங்களை மட்டும் படிக்கிறேன்’ என்று எழுதிய அந்த ஓர் உறுப்பினரை நான் பார்க்க விரும்புகிறேன். நீங்கள் அவரை ஏதோ சோம்பேறி என்ற தொனியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அச்சுப்பிழை சொன்ன மூவரையும் குறை சொல்பவர்கள் என்ற கணக்கில் தள்ளிவைத்துவிட்டீர்கள். உங்கள் படிவங்களை நான் எண்ணினால் கணக்கு வேறாக வரும். இதழைப் படித்தவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் உங்களை நேசிப்பவர்கள். நேசம் பெரிய பொருள்தான். மன்றம் அதில்தான் நடக்கிறது. மின்கட்டணம் அதில்தான் கட்டப்படுகிறது. ஆனால் அதைச் சுவை என்று தப்பாகப் படிக்காதீர்கள். விருந்தில் ‘பிரமாதம்’ என்று சொல்லிவிட்டு இலையை மூடுபவரை விட, ரசத்தில் புளி ஒரு பிடி கூடிவிட்டது என்று முகம் சுளிப்பவரைத்தான் சமையற்காரர் மதிப்பார். அவருடைய நாக்கு வேலை செய்கிறது.

இதை எனக்கு ஒரு நோட்டுப்புத்தகம் கற்றுக்கொடுத்தது. என் பதினான்காம் வயதில், காவிரிக் கிளையாறு ஒன்றின் கரையிலிருந்த எங்கள் ஊரில் ஓர் இலக்கிய வட்டம் இருந்தது. இருபது பேருக்கு மேல் இராது. அச்சடிக்கக் காசில்லாததால் கையெழுத்து இதழ் நடத்தினார்கள். இரண்டு மாதங்களுக்கு ஒன்று. ஒரே ஒரு படி. கோடு போட்ட முழுநீளத் தாள்களில் பள்ளிக்கூட எழுத்தர் ஒருவர் முத்து முத்தாக எழுதுவார். ஓவிய ஆசிரியர் அட்டைப்படம் வரைவார். காக்கித்தாளில் உறைபோட்டு, உள்ளட்டையில் உறுப்பினர் பட்டியலை ஒட்டி, வந்த தேதி, போன தேதி என்று இரண்டு பத்திகள் விட்டிருப்பார்கள். ஒரு வீட்டில் மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு அதை மிதிவண்டியில் எடுத்துச்செல்லும் வேலை எனக்கு. கூலியாக, வழியில் மதகுக் கட்டையில் உட்கார்ந்து நானே படித்துக்கொள்ளலாம்.

அந்த இதழின் கடைசியில் எட்டுத் தாள்கள் வெறுமையாக விடப்பட்டிருக்கும். மேலே ‘உங்கள் எண்ணம்’ என்று மட்டும் எழுதியிருக்கும். புறப்படும்போது வெள்ளையாக இருக்கும் அந்தத் தாள்கள் இருபது வீடுகளையும் சுற்றி வருவதற்குள் நிறைந்துவிடும். ஓய்வுபெற்ற வட்டாட்சியர், பதவி போன பிறகும் விடாமல், பச்சை மையில் எழுதுவார். ஒருவர் ஊதா மை. ஒருவர் எழுதியதற்கு மேல் அடுத்தவர் அம்புக்குறி போட்டு மறுத்திருப்பார். இடம் போதாமல் யாரோ மருந்துச்சீட்டின் பின்புறத்தில் எழுதிக் குண்டூசியால் குத்தியிருப்பார்கள். உறுப்பினர்கள் எல்லோரும் இதழ் கைக்கு வந்ததும் பின்பக்கமாகத்தான் திறப்பார்கள் என்பதை அதைக் கொண்டுபோய்க் கொடுத்த நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தமக்கு யார் என்ன பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவார்கள்.

ஒருமுறை எங்கள் ஊர்த் தமிழ் வித்துவான், குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருந்தார். உன் தாயும் என் தாயும் யார் யாரோ, நானும் நீயும் எவ்வழியில் அறிந்தோம், செம்புலத்தில் பெய்த நீர் போல அன்புடை நெஞ்சங்கள் கலந்துவிட்டனவே என்று தலைவன் சொல்லும் பாட்டு. எல்லோருக்கும் தெரிந்ததுதான், கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சிடுகிறார்கள். பாடியவரின் இயற்பெயர் மறைந்துபோய், அந்த உவமையையே பெயராகச் சூட்டி அவரைச் செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம் என்பதையெல்லாம் வித்துவான் அழகாகச் சொல்லி, மண்ணும் நீரும் பிரிக்க முடியாதபடி ஒன்றாவதே உவமையின் சிறப்பு என்று முடித்திருந்தார்.

எங்கள் வட்டத்தில் செங்கல் சூளை வைத்திருந்த ஒருவர் உறுப்பினர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அதுவரை அவர் பின்பக்கங்களில் ஒரு வரியும் எழுதியதில்லை. அந்த முறை பென்சிலால் எழுதினார். வித்துவான் ஐயா மன்னிக்க வேண்டும்; நான் முப்பது ஆண்டுகளாக மண்ணையும் தண்ணீரையும் கலந்துகொண்டிருப்பவன்; மண்ணில் விழுந்த நீர் கலங்கும் என்பது மெய்தான், ஆனால் அதை ஒரு குடத்தில் பிடித்து இரவு முழுக்க அசையாமல் வைத்தால் விடிவதற்குள் மண் அடியிலும் நீர் மேலேயுமாகப் பிரிந்து நிற்கும்; அப்படியானால் அந்தப் பிள்ளைகளின் அன்பும் விடிந்தால் பிரிந்துவிடுமா என்று எனக்கு விளங்கவில்லை. இவ்வளவுதான் அவர் எழுதியது. சொற்கள் அப்படியே இவைதாமா என்று கேட்காதீர்கள், பொருள் இதுதான்.

வித்துவானுக்கு வந்த கோபம் ஊரெல்லாம் தெரிந்தது. உவமையைச் சூளையில் வைத்துச் சுடலாகாது என்று அடுத்த இதழின் பின்பக்கத்தில் எழுதினார். வட்டாட்சியர் பச்சை மையில் அவரை ஆமோதித்தார். வேறொருவர், ‘செம்புலம்’ என்பதற்குச் செம்மண் என்றுதான் பொருள் கொள்ள வேண்டுமா, உழுது பண்படுத்திய செம்மையான நிலம் என்று கொண்டால் என்ன என்று கேட்டார். நம்மூர் வண்டலில் நின்றுகொண்டு இதைப் பேசாதீர்கள், புதுக்கோட்டைப் பக்கம் போய் ஒரு கோடைமழையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மற்றொருவர் எழுதினார். இரண்டு இதழ்களுக்கு இதுவே நடந்தது. மூன்றாவது இதழில், எங்கள் வட்டத்தில் உறுப்பினராக இருந்த ஒரே பெண்மணி, தலைமையாசிரியரின் விதவைத் தாயார், கோணல் எழுத்தில் மூன்று வரி எழுதியிருந்தார். சூளைக்காரர் சொல்வது உண்மைதான், நானும் ஆற்றுநீரைத் தேற்றாங்கொட்டை போட்டுத் தெளிய வைப்பவள்தான்; ஆனால் அவர் குடத்தில் பிடித்ததால் அல்லவா அது தெளிந்தது, புலவர் பெய்து ஓடும் நீரைச் சொன்னாரே தவிரக் குடத்து நீரைச் சொல்லவில்லையே என்று கேட்டிருந்தார்.

மதகுக் கட்டையில் உட்கார்ந்து நான் அதைப் படித்தேன். கையில் பிடித்துத் தனியே வைத்தால் பிரியும், ஓடவிட்டால் பிரியாது. அன்பைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்த எந்தப் புத்தகமும் இதைவிட அதிகமாக எனக்குச் சொன்னதில்லை என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். தோன்றட்டும்.

அதோடும் முடியவில்லை. ஏறக்குறைய ஓராண்டு கழித்து வித்துவானே பின்பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். அந்தப் பாட்டுக்குப் பழையவர்கள் வகுத்த துறைக்குறிப்பைத் தாம் மறந்துவிட்டதாகச் சொன்னார். முதற்சந்திப்புக்குப் பிறகு, இவர் நம்மைப் பிரிந்துவிடுவாரோ என்று அஞ்சிய தலைவியின் முகமாற்றத்தைக் கண்டு தலைவன் சொன்னது என்றுதான் அந்தக் குறிப்பு இருக்கிறது. ஆகவே, கலந்தது பிரியுமா என்ற சூளைக்காரரின் ஐயம் பாட்டுக்கு வெளியிலிருந்து வந்ததன்று. பாட்டுக்குள் இருக்கும் தலைவியின் ஐயமே அது. அவள் வாய்விட்டுக் கேட்காததை அவர் கேட்டுவிட்டார் என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். வித்துவான் தம் வாழ்நாளில் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுதிய ஒரே எழுத்து அதுவாகத்தான் இருக்கும். சூளைக்காரர் அந்த இதழை மூன்று நாள் கெடு தாண்டி ஒன்பது நாள் வைத்திருந்தார். நான் கேட்கப் போகவில்லை.

நண்பரே, அந்த இதழ்களின் முன்பக்கங்களில் என்ன இருந்தன என்று இப்போது எனக்கு ஒன்றும் நினைவில்லை. கவிதைகள் இருந்தன, திருக்குறள் விளக்கம் இருந்தது, ஒரு தொடர்கதை இருந்தது. எழுத்தரின் கையெழுத்து நினைவிருக்கிறது. பின்பக்கங்கள் மட்டும் மையின் நிறத்தோடு நினைவிருக்கின்றன. அந்த நோட்டுகள் எங்கே போயின என்று தெரியவில்லை. வட்டம் கலைந்த பிறகு யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருந்து, கறையான் அரித்திருக்கும்.

இது ஏதோ பட்டிக்காட்டுப் பழக்கம் என்று உங்கள் பேராசிரியர் நினைக்கலாம். மதுரையில் 1901-இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச்சங்கத்தை நிறுவி, மறு ஆண்டே ‘செந்தமிழ்’ இதழ் தொடங்கியபோது அதைப் படித்தவர்கள் சும்மா தலையாட்டியவர்கள் என்றா எண்ணுகிறார்? பாடவேறுபாட்டுக்கும் கால ஆராய்ச்சிக்கும் இடப்பெயருக்கும் மல்லுக்கட்டிய தலைமுறை அது. சேரர் தலைநகரான வஞ்சி கரூரா, மேற்குக் கடற்கரையிலா என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. கரூரே என்று நிறுவுவதற்கு, அந்த இதழின் ஆசிரியராக இருந்த ரா. இராகவையங்கார் தனி நூலே எழுதினார். தஞ்சைக் கரந்தையில் 1911-இல் தோன்றிய தமிழ்ச்சங்கம் 1925-இல் ‘தமிழ்ப்பொழில்’ தொடங்கியது. பொழில் என்று பெயர் வைத்ததால் ஆண்டுத் தொகுதியைத் ‘துணர்’ என்றும் மாத இதழை ‘மலர்’ என்றும் எண்ணினார்கள். 1923-இல் தொடங்கிய ‘செந்தமிழ்ச் செல்வி’ அவள் காலுக்கேற்ப ஆண்டைச் ‘சிலம்பு’ என்றும் இதழைப் ‘பரல்’ என்றும் குறித்தது. பூங்கொத்தில் எத்தனையாவது பூ, சிலம்பில் எத்தனையாவது பரல் என்று எண்ணிக்கொண்டு இதழுக்குக் காத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். உறுப்பினரின் மகிழ்ச்சிக்கென்று அவர்கள் படிவம் அடிக்கவில்லை. இதழின் எண்ணிலேயே ஒரு புன்னகையை வைத்து அனுப்பினார்கள்.

இங்கிலாந்துக்காரர்கள் இதை ஒரு விளையாட்டாகவே வளர்த்துவிட்டார்கள். லண்டனில் 1951-இல் ஷெர்லக் ஹோம்ஸ் பெயரில் ஒரு சங்கம் அமைந்து 1952 முதல் இதழ் நடத்துகிறது. துப்பறிபவர் மெய்யாகவே வாழ்ந்தவர் என்ற பாவனையில்தான் அந்த உலகத்து ரசிகர்கள் எழுதுவார்கள். அவருடைய நண்பர் டாக்டர் வாட்சனுக்குப் போரில் குண்டு பாய்ந்தது தோளில் என்று ஒரு கதையிலும் காலில் என்று மற்றொரு கதையிலும் வருகிறது. ஆசிரியர் மறந்துவிட்டார் என்று ஒரு வரியில் முடிக்கக்கூடிய இந்தச் செய்தியை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வழக்காடுகிறார்கள். அவர்களிடம் போய், குண்டு எங்கே பாய்ந்தால் என்ன என்று கேட்பவர் அந்த மன்றத்துக்கு வெளியே நிற்பவர். குறை கண்டுபிடிப்பது அங்கே வணக்கத்தின் ஒரு வகை.

இப்போது உங்கள் பேராசிரியரின் ஆய்வுக் கட்டுரைகளுக்கு வருகிறேன். இதில் எனக்குப் பொறுமை இல்லை. கடந்த சில ஆண்டுகளில் நல்ல சுவைஞர் இதழ்கள் சில இப்படித்தான் கெட்டன. முதலில் ஒரு பன்னாட்டுத் தர எண் (ISSN) வாங்குவார்கள். பிறகு அட்டையில் ‘பன்னாட்டு ஆய்விதழ்’ என்று போடுவார்கள். பிறகு பதவி உயர்வுக்கு மதிப்பெண் தேடும் ஆசிரியர்கள் கட்டணம் கட்டிக் கட்டுரை அனுப்புவார்கள். முன்னுரை, கருதுகோள், முடிவுரை என்று ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகளை அவற்றை எழுதியவர்கூட இரண்டாம் முறை படிக்க மாட்டார். பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென்று வைத்திருந்த அங்கீகார இதழ்ப் பட்டியலை 2025-இல் தானே கைவிட்டுவிட்டது. பட்டியலை நம்பித் தங்கள் கடிதப் பக்கங்களை வெட்டியவர்கள் இன்று எதை நம்புகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆய்வுக்கு ஆய்விதழ் இருக்கட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை; அதற்கு வேறு உழைப்பும் வேறு நாணயமும் வேண்டும். மாதக் கடைசியில் கூடிக் கம்பனைப் படித்துவிட்டுச் சுண்டல் சாப்பிட்டுப் பிரியும் 200 பேரின் தலையில் அதை ஏன் கட்டுகிறீர்கள்? கல்லூரி ஆசிரியர்கள் பலர் உறுப்பினராவார்கள் என்கிறீர்கள். வரட்டும். பின்பக்கத்தில் எழுதட்டும். செங்கல் சூளைக்காரரிடம் மாட்டிக்கொள்ளட்டும்.

உறுப்பினரின் மகிழ்ச்சியைக் கூட்ட என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நான்கு பக்கத்தை எட்டாக்குங்கள். ‘தங்கள் இதழ் கிடைத்தது, அருமை’ என்று வரும் கடிதங்களை வெளியிடாதீர்கள். எழுதியவர் தலைவரானாலும் சரி, புரவலரானாலும் சரி. ஒருவர் மறுத்தால் மறுக்கப்பட்டவருக்கு அந்தக் கடிதத்தை முன்கூட்டியே காட்டாதீர்கள். அவரும் மற்றவர்களோடு சேர்ந்து இதழில்தான் பார்க்க வேண்டும். எழுத்துப்பிழைகளைத் திருத்துங்கள், ஆனால் எழுதியவரின் நடையைத் திருத்தாதீர்கள். சூளைக்காரரின் வரிகளை எங்கள் எழுத்தர் ‘செம்மைப்படுத்தி’ எழுதியிருந்தால் அந்தக் குடம் காணாமல் போயிருக்கும். அந்த ஓர் உறுப்பினரை, கடைசிப் பக்கங்களை மட்டும் படிப்பவரை, அந்தப் பக்கங்களுக்கு ஆசிரியராக்குங்கள். மறுப்பார். வற்புறுத்துங்கள்.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய சென்ற இதழை, உறையைக் கிழித்து, முழுவதும் படித்தேன். 17-ஆம் பக்கத்தில், கரந்தைத் தமிழ்ச்சங்கம் பற்றிய கட்டுரையில், ‘1911-இல் தொடங்கப்பட்ட தமிழ்ப்பொழில்’ என்று இருக்கிறது. 1911 சங்கம் தோன்றிய ஆண்டு, இதழ் 1925. அதே கட்டுரையில் ‘துணர்’ என்பது இரண்டு இடங்களில் ‘துணை’ என்று அச்சாகியிருக்கிறது. கட்டுரையாசிரியர் எழுதியதா, தட்டச்சு செய்தவர் கைவேலையா என்று தெரியவில்லை. மெய்ப்புப் பார்த்தவர் நிச்சயமாக அந்தச் சொல்லை அறியாதவர். 31-ஆம் பக்கத்துக் கவிதையைப் பற்றியும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதைத் தனித்தாளில் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இரண்டையும் அடுத்த இதழின் கடைசிப் பக்கங்களில், என் பெயருக்கு முன்னால் எந்த அடைமொழியும் இல்லாமல், சிறிய எழுத்தில் போடவும். உறுப்பினர் சந்தா எவ்வளவு என்று உங்கள் கடிதத்தில் இல்லை, தெரிவித்தால் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்.